குளிச்ச டம்ளர்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லோரும் ஸ்பிரிட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வருடமாக அங்கே ஒப்பனை அறையில் வேலை. கைப்பை, தலைமுடி, உடுப்பு எல்லாவற்றிலும் ஸ்பிரிட் வாடை ஏறிப்போயிருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அவளை நர்ஸ் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஒரு அம்மா தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டையே எடுத்து நீட்டிவிட்டார். ஸ்பிரிட்டக்காவும் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைங்கம்மா" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அந்த வாடைக்குக் காரணம் பிரஷ்கள். கன்னத்துக்குப் பவுடர் போடும் குண்டு பிரஷிலிருந்து கண்ணோரம் மை தீட்டும் ஊசி பிரஷ் வரை நாற்பத்திரண்டு பிரஷ்கள் அந்த அறையில் இருந்தன. ஒருவர் முகத்தில் பட்டது அப்படியே அடுத்தவர் முகத்தில் படக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே நைலான் பிரஷ்களை ஸ்பிரிட்டில் முக்கித் துடைப்பாள். ஆட்டு முடி பிரஷ்களுக்கு ஸ்பிரிட் ஆகாது, முடி வறண்டு சொரசொரவென்று ஆகிவிடும்; அவை ஆளுக்கு ஒன்று. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் குளிப்பாட்டுவாள். குளிப்பாட்டுவது என்பது அவளுடைய சொல். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ, நுரை வெள்ளையாக வரும்வரை உள்ளங்கையில் வட்டவட்டமாகச் சுழற்றல். முடி எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். தண்ணீர் மேலேறித் தகர வளையத்துக்குள் போனால் பசை ஊறி முடி கழன்றுவிடும். அவள் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு மந்திரியின் கன்னத்தில் அப்படி ஒரு முடி ஒட்டிக்கொண்டு நின்றதாம். மந்திரி அரைமணி நேரம் பேசினார், ஊரே அந்த முடியைத்தான் பார்த்தது.

கழுவியதைத் துண்டில் ஒற்றி, விரலால் கூர் பிடித்து, மேசை ஓரத்தில் தலை வெளியே நீட்டும்படி படுக்க வைப்பாள். காய்ந்ததும் எவர்சில்வர் டம்ளருக்குப் போகும். அது குளிச்ச டம்ளர். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அது குளிக்காத டம்ளர். "குளிச்ச டம்ளர்ல இருக்கிறத கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்பாள்.

அப்படியே நம்பி எடுத்தவள் பாப்பா. அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. வயது முப்பத்தாறு, காதோரம் நரை, பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. ஆனாலும் வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்துவிட்டதால் பாப்பா பாப்பாதான். அவள் கணவன் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பாதி கடலில். அதனால் பாப்பாவும் மகளும் மாடி வீட்டில், ஸ்பிரிட்டக்காவும் கணவனும் கீழ் வீட்டில். நிலையத்தில் காலை வேலைக்கு ஆள் தேடியபோது ஸ்பிரிட்டக்காதான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். ஐந்து வருடமாகக் காலையில் பாப்பா, மாலையில் ஸ்பிரிட்டக்கா. புருவம் வரைவதில் பாப்பாவின் கைக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. "நீ வரைஞ்சா யோசிக்கிற மாதிரி இருக்கு, நான் வரைஞ்சா சந்தேகப்படுற மாதிரி இருக்கு" என்று ஸ்பிரிட்டக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை மாலை விவாத நிகழ்ச்சிக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். இடது கண் லேசாகச் சிவந்து நீர் கோத்திருந்தது. "வர்ற வழியில தூசி விழுந்துடுச்சும்மா" என்று கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து அவர் கண்ணுக்குக் கீழே கருவளையத்தை அவள் மறைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அவனோடு வேலை செய்கிறவன் பேசினான்.

"அக்கா, அண்ணனுக்குக் கை கதவுல மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் பயமே வரும். பேராசிரியரை எப்படி எழுப்பி அனுப்பினாள், பையை எப்படி எடுத்தாள் என்பது எதுவும் அவள் நினைவில் இல்லை. ஓடினாள்.

நல்லவேளையாக விரல் தப்பியது. நகம் போனது, நான்கு தையல். பாப்பாவும் மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தாள். "நாளைக்கு நீங்க லீவு போட்டுடுங்க அண்ணி. ரெண்டு வேளையும் நானே பாத்துக்குறேன்" என்றாள்.

மறுநாள் காலை பாப்பா போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் டம்ளர் நிறையக் கழுவாத பிரஷ்கள். அண்ணி பாவம், போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள் என்று அத்தனையையும் கழுவிப் பரப்பினாள். எட்டு மணிச் செய்திக்குள் அவை காயாது. எவர்சில்வர் டம்ளரில் இருந்ததை எடுத்துச் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு ஒப்பனை போட்டாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண்ணுக்கு இடது கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருவிழியில் புண் என்றார்கள். அவள் கண்ணுக்குள் லென்ஸ் போடுகிறவள். லென்ஸாலும் வந்திருக்கலாம், ஒப்பனையாலும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சேதி வந்தது.

அன்று மாலை ஸ்பிரிட்டக்கா ஸ்பான்ஜுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். விருந்தினர்களை ஏற்பாடு செய்கிறவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு ஆள் குறையுது. அந்தப் பேராசிரியர் வரலையாம். கண்ணுல சீழ் வச்சு வீட்டோட கிடக்குறாராம். இந்த வாரம் கண்ணுக்கே ஆகாத வாரம் போல."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஸ்பிரிட்டக்காவின் கை ஸ்பான்ஜைப் பிழிந்தபடியே நின்றுபோயிற்று. தலைக்கு நினைவில்லாதது காதுக்கு நினைவிருந்தது. திங்கட்கிழமை கைபேசியை எடுக்கக் கையை நீட்டியபோது, அந்த மெல்லிய பிரஷை டம்ளரில் போட்டாளே, அப்போது 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் டம்ளர் அப்படிச் சத்தம் போடாது.

இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து கதவைத் தாழிட்டு, நாற்பத்திரண்டு பிரஷ்களையும் கழுவினாள். இரண்டு டம்ளர்களையும் கழுவினாள். கழுவி என்ன ஆகப் போகிறது என்று தெரிந்துதான் கழுவினாள்.

சனிக்கிழமை மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"செவ்வாய்க்கிழமை காலையில மேக்கப் போட்டது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் பாப்பா.

"பிரஷ் சுத்தமா இருந்துச்சா?"

"குளிச்ச டம்ளர்லேருந்துதான் சார் எடுத்தேன்."

"குளிச்ச டம்ளரா? அதென்ன பாஷை?"

பாப்பா திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணி" என்றாள்.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், பதினான்கு வருடத்தில் ஒரு கட்டிகூட யாருக்கும் வந்ததில்லையே என்ற நினைப்பு வந்தது. டாக்டரே லென்ஸாகவும் இருக்கலாம் என்கிறாரே என்ற நினைப்பு அதன் பின்னாலேயே வந்து முட்டுக்கொடுத்தது. "பாப்பா எப்பவும் சுத்தமாத்தான் இருப்பா சார்" என்றாள். அது உண்மை. அந்த உண்மையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

திங்கட்கிழமை பாப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அன்று பேருந்தில் இருவரும் அருகருகே வந்தார்கள். பாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எவர்சில்வர்லேருந்துதான் எடுத்தேன் அண்ணி. நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா பக்கத்துலயே கழுவாததும் இருந்துச்சு. அவசரத்துல அதுலேருந்து ஒண்ண எடுத்துட்டேனா? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஸ்பிரிட்டக்கா முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மாத்தி எடுத்திருக்கலாம். யாருக்கும் வர்ற தப்புதான்" என்றாள்.

பாப்பா தலையை ஆட்டினாள். அந்த ஒரு வார்த்தையோடு அவளுடைய நல்ல ஞாபகம் போய்விட்டது. வீட்டுக்கு இறங்குவதற்குள், தான் பச்சை டம்ளரிலிருந்து எடுத்ததாகவே அவளுக்கு நினைவு வர ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு மாடியில் குழாய் ஓயவில்லை. கீழ் வீட்டுச் சமையலறையில் நின்றால் மேலே தண்ணீர் ஓடுவது சுவருக்குள் கேட்கும். பாப்பா கையைக் கழுவுவாள், சீப்பைக் கழுவுவாள், கழுவிய கரண்டியை மறுபடி கழுவுவாள். மகள் ஒருநாள் கீழே வந்து, "அத்தை, அம்மா என் பென்சிலக்கூட சோப்பு போட்டுக் கழுவுறாங்க. எழுதவே மாட்டேங்குது" என்று நீட்டினாள். வேறு சமயமென்றால் சிரித்திருப்பார்கள். ஸ்பிரிட்டக்கா அந்தப் பென்சிலை வாங்கிச் சீவிக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் பாப்பா, செய்தி வாசிக்கிற பெண்ணின் வீட்டைத் தேடிப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்தவளின் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மன்னிப்புக் கேட்டேன் அண்ணி. கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. 'ஒரு பிரஷக் கழுவத் தெரியாதா உனக்கு? உன் பொண்ணு முகத்துல போடுவியா அத?'ன்னு கேட்டுச்சு. சரியாத்தானே கேட்டுது?"

ஸ்பிரிட்டக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கணவன் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு வேற வேலை கிடைக்கும், நீ ஏன் உருகுற?" என்றான். அவன் தங்கை மேல் பாசமில்லாதவன் இல்லை, நடந்தது தெரியாதவன். அவனிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். காலையில் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், தையல் பிரித்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தையலும் பிரித்தாயிற்று.

நிலையத்தில் காலைக்கும் அவளே போனாள். எல்லோரும் அவளிடம் இன்னும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். "அக்கா கை பட்டா பயமே இல்ல" என்று ஒரு வானிலை அறிவிப்பாளர் சொன்னபோது, கையிலிருந்த பவுடர் டப்பாவை நழுவவிட்டாள்.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா படியிறங்கி வந்து ஒரு துணிச்சுருளை அவள் முன்னால் வைத்தாள். விடுமுறை நாட்களில் கல்யாண வீடுகளுக்குப் போவதற்காகப் பாப்பா சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த சொந்தப் பிரஷ்கள்.

"நீங்களே வச்சுக்குங்க அண்ணி. என் கையில இருந்தா யாருக்காவது ஏதாவது ஆயிடும்."

ஸ்பிரிட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டு சுருளைப் பிரித்தாள். பதினாறு பிரஷ்கள். ஒரு முடி கலையவில்லை, ஒரு வளையம் ஆடவில்லை. கண்ணுக்கான பிரஷ்களுக்கு மெல்லிய வலை உறை மாட்டியிருந்தது. பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து உறையைக் கழற்றி வெள்ளைத் துண்டில் தேய்த்துப் பார்த்தாள். துண்டில் ஒரு சாயமும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. வேலை போன பிறகும், இனி தொடமாட்டேன் என்று முடிவு செய்த பிறகும், கொடுப்பதற்காக இப்படிக் கழுவியிருக்கிறாள்.

"பாப்பா, நீ மாத்தி எடுக்கல" என்றாள்.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல. அந்தப் பேராசிரியருக்குத்தான் கண்ணு சரியில்லாம இருந்துச்சு. அவருக்குப் போட்ட பிரஷ நான்தான் எவர்சில்வர் டம்ளர்ல போட்டேன். ஃபோன் வந்த பதட்டத்துல போட்டேன். நீ சரியான டம்ளர்லேருந்துதான் எடுத்த."

செய்தித்தாள் கீழே இறங்கியது. வெங்காயத் தோல் மின்விசிறிக் காற்றில் தரையில் உருண்டு போயிற்று. பாப்பா அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"சார் நம்மளக் கூப்பிட்டதுக்கு முந்தின நாள்."

"அப்ப பஸ்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் 'மாத்தி எடுத்திருக்கலாம்'னு சொன்னீங்களா?"

"ஆமா."

கணவன் எழுந்தான். "எல்லாம் என் விரலால வந்த வினை. நான் அன்னிக்கு..."

"நீ பேசாத அண்ணா" என்றாள் பாப்பா. குரல் உயரவில்லை. "போட்டது தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். நாலு வாரம் என் கைய நானே நம்பாம கிடந்தேனே. மேல தண்ணி ஓடுறது உங்களுக்குக் கேக்குமா கேக்காதா?"

"கேக்கும்."

பாப்பா பிரஷ் சுருளை மறுபடி சுற்றினாள். நாடாவை முடிச்சுப் போட்டாள். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் மனைவியைப் பார்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இருபது வருடத்தில், கோபம் வந்தும் அவளைத் திட்டாமல் அவன் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள், சலிப்புத்தான் வந்தது.

"முடிஞ்சு போன விஷயத்த ஏம்மா கிளறுறீங்க? அறிக்கையெல்லாம் எழுதி மேல அனுப்பியாச்சு. நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லாமத்தான் சார் இருந்தேன். முடியல. நான் எழுதித் தர்றேன், அதையும் மேல அனுப்புங்க."

நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில் அவளை நிறுத்தினார்கள். கிளம்பும்போது வாசல் காவலாளி, "ஸ்பிரிட்டக்கா, லீவா?" என்றார். "ஆமாண்ணே, நீண்ட லீவு" என்றாள்.

அப்படியே நேராகச் செய்தி வாசிக்கிற பெண்ணின் வீட்டுக்குப் போனாள். கட்டுப் பிரித்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது, கருவிழியில் சின்னத் தழும்பு தங்கிவிட்டது. பகல் வெளிச்சத்தில் தொந்தரவில்லை; விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுத்துகள் உடைந்து பரவுகின்றன என்றாள். இனி கேமராவுக்கு முன்னால் வாசிக்க முடியாது. பின்னணிக் குரல் கொடுக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

ஸ்பிரிட்டக்கா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"ஏற்கெனவே ஒரு அக்கா இதே இடத்துல உக்காந்து அழுதாங்க" என்றாள் அந்தப் பெண். "வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்புனேன். அவங்க பொண்ணையும் சேத்துப் பேசினேன். அது உங்களுக்கு வரவேண்டிய திட்டு. இப்ப மறுபடி உங்களத் திட்ட எனக்குத் தெம்பில்ல."

"திட்டிடும்மா. எனக்கு நல்லா இருக்கும்."

"உங்களுக்கு நல்லா இருக்கணும்னு நான் எதுக்குத் திட்டணும்?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். ஸ்பிரிட்டக்கா வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே பாப்பாவைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினாளாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று பாப்பா கீழே வந்து சொல்லவில்லை.

நிலையத்திலிருந்து பாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பத்து நாள் யோசித்துவிட்டுப் போனாள். போன அன்றே இரண்டு டம்ளர்களையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒவ்வொருவர் முகத்துக்கும் முன்னால், அவர்கள் கண்ணெதிரிலேயே பிரஷைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் தொடுகிறாள் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் வழியாக ஸ்பிரிட்டக்காவுக்குத் தெரிந்தது. வேலை இரட்டிப்பு. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்பிரிட்டக்கா ஒரு அழகு நிலையத்தில் தலை அலசிவிடும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாருக்கும் அவள் பட்டப்பெயர் தெரியாது. கணவன் ஒரு வாரத்தில் பேச ஆரம்பித்தான். முதலில் அவன் பேசியது, குழம்பில் உப்பில்லை என்பது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. பாப்பா மட்டும் படியிறங்கும்போது சாவியைக் கொடுப்பாள், தண்ணீர் வரவில்லை என்பாள், மகளுக்குக் காய்ச்சல் என்பாள். எல்லாம் சொல்வாள், 'அண்ணி' என்ற சொல் மட்டும் வராது. முன்பெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அண்ணி போடுகிறவள்.

எட்டு மாதம் ஓடிற்று. பள்ளிக்கூடத்தில் மகளின் வகுப்பு ஒரு நாடகம் போட்டது. முப்பது பிள்ளைகள், பாதிப் பேர் விலங்குகள். ஒரே ஆளால் முடியாது. ஒரு சனிக்கிழமை காலை பாப்பா கீழே வந்து வாசலில் நின்று, "ஒரு கை குறையுது. வர முடியுமா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வகுப்பறை மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். ஸ்பிரிட்டக்கா முகத்துக்கு அடிப்பூச்சுப் போட்டு அனுப்ப, பாப்பா மீசையும் கோடும் புள்ளியும் வரைந்தாள். ஒரு புலி தும்மியது, ஒரு முயல் சிறுநீர் வருகிறது என்று ஓடியது. பிரஷ்களை ஸ்பிரிட்டக்கா துடைத்துத் துடைத்துப் பாப்பாவிடம் நீட்டினாள். அவள் கை இன்னும் பழைய வேகத்தில்தான் இருந்தது. பாப்பா ஒவ்வொன்றையும் வாங்கினாள், வாங்கியதை மறுபடி ஒருமுறை ஸ்பிரிட்டில் முக்கி, தன் துண்டில் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குழந்தையின் முகத்துக்குக் கொண்டுபோனாள். முதல் தடவை ஸ்பிரிட்டக்காவுக்குச் சுருக்கென்றது. ஆறாவது ஏழாவது பிள்ளை வந்தபோது, பாப்பா ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் பாட்டிலுக்காக எட்டிக் குனிவதைக் கவனித்தாள். மூடியைத் திறந்து, பாட்டிலைப் பாப்பாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.